கொப்பி அடிக்காதவருக்கும் வரும் கடிதம்: மென்பொருள் ஆக்கவுரிமை பற்றி எமது இளைஞர்கள் அறிய வேண்டியவை

எமது ஊர்களில் சத்தமில்லாமல் ஒரு தொழில் வளர்ந்து வருகிறது. அதற்குக் கடையும் தேவையில்லை, பெயர்ப் பலகையும் தேவையில்லை. வீட்டில் ஒரு மடிக்கணினியும் ஓரளவு நல்ல இணைய இணைப்பும் இருந்தால் போதும். ஏ.எல். எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளை முதல், கம்பஸ் முடித்துவிட்டு வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்பவர் வரை பலரும் கைப்பேசிச் செயலிகளையும் இணையத்தளங்களையும் உருவாக்கி டொலரில் உழைக்கிறார்கள். பெற்றோருக்கு மகிழ்ச்சி. ஆசிரியர்களாகிய எமக்கும் மகிழ்ச்சிதான்.

இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு விடயம் நன்றாகவே தெரியும். அடுத்தவர் எழுதிய செய்நிரலைத் திருடக்கூடாது, திருட்டு மென்பொருளை வாடிக்கையாளருக்குப் போட்டுக் கொடுக்கக்கூடாது என்பது அது. ஆனால் எவரிடமும் எதையும் எடுக்காமல் முழுக்கத் தானே யோசித்து எழுதிய ஒரு செயலிக்காகவும் ஒருவர்மீது வழக்குத் தொடரலாம் என்பது பலருக்குத் தெரியாது. இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவர் எழுந்து, "நான் யாரையும் பார்த்து எழுதல்லயே சேர், பிறகு எப்படி எனக்குக் கேஸ் போடுவாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதிலைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. 'காப்புரிமை' என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேறு உரிமைகளுக்கும் பயன்படுத்துகிறோம். ஒன்று பதிப்புரிமை. நீங்கள் எழுதிய புத்தகத்தையோ செய்நிரலையோ வேறொருவர் பிரதி செய்வதை அது தடுக்கிறது. அதே கருத்தை அவர் தன் சொந்த வரிகளில் எழுதினால் பதிப்புரிமை குறுக்கே வராது. மற்றையது ஆக்கவுரிமை. இது எழுதிய வரிகளுக்கு உரியதல்ல, ஒரு வேலையைச் செய்யும் வழிக்கு உரியது. ஒரு வழிக்கு ஒருவர் ஆக்கவுரிமை பெற்றுவிட்டால், அந்த நாட்டில் விண்ணப்பத் திகதியிலிருந்து பொதுவாக 20 வருடங்களுக்கு வேறு எவரும் அனுமதியின்றி அதைப் பயன்படுத்த முடியாது. தானாகவே யோசித்து அதைக் கண்டுபிடித்தவரும்கூடத்தான்.

பரீட்சை மண்டபத்தை வைத்துச் சொன்னால் இலகுவாக விளங்கும். இரண்டு மாணவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே கணக்கை ஒரே வழியில் செய்தால் நாம் இருவருக்கும் புள்ளி கொடுப்போம். பதிப்புரிமைச் சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. ஆக்கவுரிமைச் சட்டமோ முதலில் பதிந்தவருக்கு முழுப் புள்ளியையும் கொடுத்துவிட்டு, மற்றவர் இனி அந்த வழியில் கணக்கே செய்யக்கூடாது என்கிறது.

ஒரு புதிய மருந்தையோ இயந்திரத்தையோ உருவாக்குவோருக்கு இந்த ஏற்பாட்டில் நியாயம் உண்டு. பல வருட ஆய்வு, பெரும் செலவு, கடைசியில் ஒரு பொருள். மென்பொருள் அப்படியானதல்ல. ஒரு சாதாரண செயலியிலேயே நூற்றுக்கணக்கான சிறு வழிமுறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். பெயர்ப் பட்டியலைத் தேடுவது, படத்தைச் சுருக்குவது, பணம் செலுத்தும் பொத்தான் என ஒவ்வொன்றின்மீதும் எங்கோ ஒருவர் உரிமை வைத்திருக்கக்கூடும். அவற்றைத் தேடிப் பார்ப்பதும் நடைமுறையில் சாத்தியமில்லை. ஆக்கவுரிமைப் பத்திரங்கள் எழுதப்படும் மொழி அப்படிப்பட்டது. 'ஒரு வலையமைப்பினூடாக ஒரு பண்டத்தின் அலகுகளிலிருந்து தகவலைத் திரட்டும் முறை' என்று தலைப்பிட்டிருந்தால், அது உங்கள் விளையாட்டுச் செயலியைப் பற்றியதாக இருக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்?

மேலே சொன்ன தலைப்பு கற்பனையல்ல. ஐக்கிய அமெரிக்காவில் வழங்கப்பட்ட 7,222,078 இலக்க ஆக்கவுரிமையின் தலைப்பின் கருத்து அதுதான். அதன் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

2011 மே மாதம். ஐபோனுக்குச் சிறு செயலிகள் செய்து விற்றுக்கொண்டிருந்த பலருக்கு 'லொட்சிஸ்' என்ற கம்பனியிடமிருந்து கடிதங்கள் வந்தன. செயலிக்குள்ளேயே பணம் செலுத்தி முழுப் பதிப்பைப் பெறும் பொத்தான் உங்கள் செயலியில் இருக்கிறது, அது எமது ஆக்கவுரிமையை மீறுகிறது, 21 நாட்களுக்குள் அனுமதிப்பத்திரம் பெற்றுக்கொள்ளுங்கள் என்பதே கடிதத்தின் சாரம். லொட்சிஸ் எந்தச் செயலியையும் செய்து விற்ற கம்பனி அல்ல. அந்த ஆக்கவுரிமையைக் கண்டுபிடிப்பாளரும் அல்ல. அது கைமாறிக் கைமாறி வந்த ஒன்று. மூல விண்ணப்பம் 1992ஆம் ஆண்டுக்குரியது. அப்போது ஐபோனும் இல்லை, அப் ஸ்டோரும் இல்லை. பிற்கால விண்ணப்பம் ஒன்றின் வழியாக 2007இல்தான் இந்த உரிமை வழங்கப்பட்டது.

இதில் விசித்திரமான பகுதி என்னவென்றால், அந்தப் பொத்தானைச் செய்தவர்கள் இந்த இளைஞர்களே அல்ல. அது அப்பிள் நிறுவனம் செய்து கொடுத்த வசதி. செயலிக்குள் டிஜிட்டல் பொருட்களை விற்பதாக இருந்தால் அந்த வசதியினூடாகவே விற்க வேண்டும் என்பது அப்போது அப்பிளின் விதியாக இருந்தது. அந்த ஆக்கவுரிமைகளுக்கு அப்பிள் ஏற்கனவே அனுமதி பெற்றும் இருந்தது. மே 23ஆம் திகதி அப்பிளின் தலைமைச் சட்டத்தரணி புரூஸ் செவல் லொட்சிஸுக்குக் கடிதம் எழுதி, எமது அனுமதி எமது உருவாக்குநர்களையும் உள்ளடக்கும் என்று அறிவித்தார். லொட்சிஸ் அதை ஏற்கவில்லை. சந்தைக் கட்டடத்துக்குரிய கட்டணத்தை உரிமையாளரிடம் வாங்கிவிட்டு, உள்ளே கடை வைத்திருப்பவர்களிடமும் ஒவ்வொருவராகப் போய் அதையே கேட்பது போன்ற வேலை இது.

அப்பிளின் கடிதம் வெளியாகி ஒரு வாரத்தில், மே 31ஆம் திகதி, ஏழு உருவாக்குநர்களுக்கு எதிராக டெக்சாஸ் மாநிலத்தின் கிழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கலானது. பிரதிவாதிகளில் சுவீடனில் இயங்கிய ஒரு சிறு கம்பனியும், வியட்நாமின் ஹனோயில் இயங்கிய இன்னொரு சிறு கம்பனியும் இருந்தன. ஹனோயில் இருப்பவருக்கு நடந்தது மருதமுனையிலோ மாவனல்லையிலோ இருப்பவருக்கு நடக்க முடியாதது அல்ல. வழக்கு வெளியே தெரிந்ததும் பிரித்தானிய உருவாக்குநர்கள் சிலர் தமது செயலிகளை அமெரிக்கச் சந்தையிலிருந்தே விலக்கிக்கொண்டார்கள். ஓர் ஆக்கவுரிமை அது வழங்கப்பட்ட நாட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். ஆகவே அமெரிக்காவில் விற்காதிருப்பதே அவர்கள் கண்ட பாதுகாப்பு. உலகின் மிகப் பெரிய வாடிக்கையாளர் கூட்டத்தை அவர்கள் அதற்கு விலையாகக் கொடுத்தார்கள்.

லொட்சிஸ் கேட்ட தொகை எவ்வளவு? அமெரிக்க விற்பனை வருமானத்தில் 0.575 சதவீதம். வருடம் 10,000 டொலர் உழைப்பவர் 57 டொலர் 50 சதம் கட்ட வேண்டும். கடந்தகாலப் பயன்பாட்டுக்கும் ஒரு தொகை. 'இவ்வளவுதானா, கட்டிவிட்டுப் போகலாமே' என்று தோன்றுகிறதல்லவா? அந்த எண்ணத்தை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. அமெரிக்காவில் ஓர் ஆக்கவுரிமை வழக்கைக் கடைசிவரை நடத்துவதற்கு, சம்பந்தப்பட்ட தொகை 10 இலட்சம் டொலருக்குக் குறைவாக இருந்தாலும், சட்டச் செலவு மட்டும் ஆறரை இலட்சம் டொலர் அளவில் வரும் என்பது அந்நாட்டுப் புலமைச் சொத்துச் சட்டத்தரணிகள் சங்கம் அக்காலத்தில் எடுத்த கணிப்பு. வென்றாலும் உங்கள் சட்டத்தரணியின் கட்டணத்தைப் பெரும்பாலும் நீங்களே கட்ட வேண்டும். தோற்றவர் கட்ட வேண்டும் என்ற பொது விதி அங்கே இல்லை.

57 டொலரும் ஆறரை இலட்சம் டொலரும் எதிரெதிரே நிற்கும்போது, ஆக்கவுரிமை செல்லுபடியானதா, உண்மையில் மீறினோமா என்ற கேள்விகளை யாரும் கேட்கப் போவதில்லை. என் பார்வையில் பிரச்சினையின் அடி இங்கேதான் இருக்கிறது. எமது மக்கள் சொல்வது போல், 'நான் பிழை செய்யல்ல, எனக்கென்ன பயம்' என்ற நிம்மதி இங்கே உதவாது. பிழை செய்தாரா என்று பார்க்கும் கட்டத்தை அடைவதற்கே பெரும் பணம் வேண்டும்.

லொட்சிஸ் வழக்கின் முடிவும் அதையே காட்டியது. பின்னர் ரோவியோ, எலக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் போன்ற பெரிய விளையாட்டுக் கம்பனிகளும் பிரதிவாதிகளாகச் சேர்க்கப்பட்டன. 2012இல் வழக்கில் தலையிட அப்பிளுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அப்பிளின் அனுமதி உருவாக்குநர்களையும் உள்ளடக்குமா என்ற அடிப்படைக் கேள்விக்கு நீதிமன்றம் பதில் சொல்லவே இல்லை. 2013இல் பிரதிவாதிகள் அனைவருடனும் இணக்கம் காணப்பட்டுவிட்டதால், தீர்மானிக்க ஒன்றும் மிச்சமில்லை என்று அப்பிளின் கோரிக்கை தள்ளப்பட்டது.

ஏன் டெக்சாஸ் என்று ஒருவர் கேட்கலாம். மார்ஷல் என்ற அந்தச் சிறிய நகரத்தின் நீதிமன்றம் ஆக்கவுரிமை உரிமையாளர்களுக்குச் சாதகமானது, விரைவானது என்று பெயரெடுத்திருந்தது. ஒரு கட்டத்தில் அமெரிக்கா முழுவதிலும் தாக்கலாகும் ஆக்கவுரிமை வழக்குகளில் 40 சதவீதத்துக்கும் அதிகமானவை அந்த ஒரு மாவட்டத்திலேயே தாக்கலாகின. அடிக்கடி அங்கு வழக்குக்கு வரவேண்டியிருந்த சம்சுங், நகர மக்களுக்காக நீதிமன்றத்துக்கு அருகிலேயே ஒரு பனிச்சறுக்கு மைதானத்துக்கு அனுசரணை வழங்கியது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

வசதியுள்ள ஒருவர் நின்று போராடினால் என்ன நடக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. இணையக் கடைகளில் பொருட்களைத் தெரிவு செய்து கூடைக்குள் போடும் வசதி எங்கள் ஆக்கவுரிமைக்குள் வருகிறது என்று 'சொவரெய்ன்' என்ற கம்பனி உரிமை கோரியது. அமேசன் 2005இல் 4 கோடி டொலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. இணையத்தில் கணினிப் பொருட்களை விற்கும் 'நியூஎக்' கொடுக்க மறுத்தது. 2010இல் டெக்சாஸில் தோற்றது. ஜூரிகள் 25 இலட்சம் டொலர் செலுத்தச் சொன்னார்கள். நியூஎக் மேன்முறையீடு செய்தது. 2013 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம், அந்தக் கூடை புதிய கண்டுபிடிப்பே அல்ல, முன்பிருந்த முறைகளிலிருந்து எவரும் இலகுவாக வந்தடையக்கூடியது என்று கூறி அந்த உரிமைக்கோரல்களைச் செல்லுபடியற்றதாக்கியது. செல்லாக்காசு ஒன்றுக்காக எத்தனை கம்பனிகள் எவ்வளவு கொடுத்திருக்கின்றன!

செயலி உருவாக்குநர்களுக்கு மட்டுமான ஆபத்து இது என்றும் நினைக்க வேண்டாம். 'எம்பிஎச்ஜே' என்ற கம்பனி 2012, 2013 காலப்பகுதியில் அமெரிக்காவின் 16,000க்கும் அதிகமான சிறு வியாபாரங்களுக்குக் கடிதம் அனுப்பியது. குற்றம் என்ன? அலுவலகத்தில் ஒரு பத்திரத்தை ஸ்கேன் செய்து அப்படியே மின்னஞ்சலில் அனுப்பியது! எமது பாடசாலைக் காரியாலயத்திலும் தினமும் நடக்கும் வேலை. ஓர் ஊழியருக்கு ஏறத்தாழ 1,000 டொலர் வீதம் கேட்டார்கள். பணம் கட்டாதவர்களுக்கு, வழக்குத் தொடரப் போகிறோம் என்று சட்டத்தரணிகளின் பெயரில் அடுத்த கடிதம் போனது. வழக்குத் தொடர எந்தத் தயாரிப்பும் இருக்கவில்லை, ஏற்கனவே பலர் பணம் கட்டிவிட்டார்கள் என்று எழுதியதும் பொய் என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு நடவடிக்கை எடுத்து, 2014இல் அந்த ஏமாற்று வாசகங்களுக்குத் தடை போட்டது.

இலவசமாகக் கொடுப்பவருக்கும் விதிவிலக்கு இல்லை. லினக்ஸ் பாவிப்பவர்கள் 'க்னோம்' என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். அது இலாப நோக்கற்ற ஓர் அமைப்பு. 2019இல், அதன் படத்தொகுப்பு மென்பொருளான 'ஷொட்வெல்' கம்பியில்லா முறையில் படங்களைப் பரிமாறுவது ஆக்கவுரிமை மீறல் என்று அந்த அமைப்பின்மீது வழக்குப் போட்டார்கள். 75,000 டொலர் கொடுத்தால் விட்டுவிடுவதாகவும் சொன்னார்கள். க்னோம் மறுத்தது. 4,000க்கும் அதிகமானோர் சிறுசிறு தொகையாகப் பணம் அனுப்பினார்கள், சட்டத்தரணிகள் கட்டணமின்றி முன்வந்தார்கள். 2020 மே மாதத்தில் வழக்கு முடிவுக்கு வந்தபோது க்னோம் எதுவும் கொடுக்கவில்லை. மாறாக, திறந்த மூல உரிமத்தில் வெளியாகும் எந்த மென்பொருளுக்கு எதிராகவும் தமது ஆக்கவுரிமைகளைப் பயன்படுத்த மாட்டோம் என்று எதிர்த்தரப்பே உறுதியளித்தது. எல்லோருக்கும் இப்படி ஒரு கூட்டம் துணைக்கு வரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் சேர்ந்து நின்றால் நிலைமை மாறும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆக்கவுரிமை எப்போதும் பெரியவர் சிறியவரை நசுக்கும் கருவி என்று ஒரேயடியாகச் சொல்வதும் நேர்மையாகாது. கனடாவின் டொரண்டோவிலுள்ள 'ஐ4ஐ' என்ற சிறு மென்பொருள் கம்பனி, தனது முறையை மைக்ரோசொப்ட் வேர்ட் மென்பொருளில் அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக வழக்குத் தொடர்ந்து, 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை வென்றது. ஏறத்தாழ 29 கோடி டொலர் அதற்குக் கிடைத்தது. இவர்கள் உண்மையில் பொருளொன்றைச் செய்து விற்றவர்கள். ஆகவே உரிமை இருப்பதை நான் பிழை என்று சொல்லவில்லை. தெளிவற்ற, எல்லையே தெரியாத உரிமைகளைத் தாராளமாக வழங்கிவிட்டு, அவற்றைச் சோதித்துப் பார்க்கும் செலவைக் கடிதம் பெற்றவரின் தலையில் போடுவதுதான் பிழை.

அமெரிக்கர்களுக்கும் இது விளங்காமல் இல்லை. 2012 முதல், ஓர் ஆக்கவுரிமை செல்லுபடியாகுமா என்பதை நீதிமன்றத்துக்குப் போகாமல் ஆக்கவுரிமை அலுவலகத்திலேயே கேள்விக்குட்படுத்தும் குறைந்த செலவிலான வழி ஒன்று திறந்தது. 2014 ஜூன் 19ஆம் திகதி 'அலிஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஒரு பழைய, பொதுவான எண்ணத்தை எடுத்து 'கணினியில் செய்' என்று சேர்த்துவிட்டால் மட்டும் அது ஆக்கவுரிமைக்குரியதாகிவிடாது என்பதே தீர்ப்பு. அதன் பிறகு பல மென்பொருள் ஆக்கவுரிமைகள் நீதிமன்றங்களில் விழுந்தன. 2017இல் இன்னொரு தீர்ப்பு, விரும்பிய மாவட்டத்தில் வழக்குப் போடும் பழக்கத்தைக் கட்டுப்படுத்தியது. ஆனால் எம்மவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கடைசிப் பாதுகாப்பு அமெரிக்கக் கம்பனிகளுக்குத்தான். வெளிநாட்டுக் கம்பனியை இப்போதும் எந்த மாவட்டத்துக்கும் இழுக்கலாம்.

வேறு நாடுகள் வேறு வழிகளில் சென்றன. 2005 ஜூலை 6ஆம் திகதி ஐரோப்பிய நாடாளுமன்றம், மென்பொருள் ஆக்கவுரிமைக்கு வழி திறந்துவிடும் என்று அஞ்சப்பட்ட பணிப்புரையை 648க்கு 14 என்ற வாக்குகளால் நிராகரித்தது. உருவாக்குநர்கள் பல வருடங்களாக நடத்திய பிரசாரத்தின் பலன் அது. இந்தியாவின் ஆக்கவுரிமைச் சட்டம் 3(ட) பிரிவில், தனியே ஒரு கணினிச் செய்நிரலாக மட்டும் இருப்பதையும் அல்கோரிதத்தையும் வணிக முறையையும் கண்டுபிடிப்பு அல்ல என்று ஒதுக்கி வைத்திருக்கிறது.

இலங்கையில் எமக்குரியது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். கணினிச் செய்நிரல்கள் அதில் பதிப்புரிமையால் பாதுகாக்கப்படும் ஆக்கங்களுக்குள் வருகின்றன. ஆக்கவுரிமை பெற ஒரு கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும், புத்தாக்கப் படிநிலை இருக்க வேண்டும், கைத்தொழிலில் பிரயோகிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கணித முறைகள், வணிகம் செய்யும் முறைகள், மனத்தால் மட்டும் செய்யும் செயல்கள், விளையாட்டு விதிகள் போன்றவை விலக்கப்பட்டுள்ளன. ஆகவே இலங்கைக்குள் மட்டும் பாவிக்கப்படும் ஒரு செயலிக்கு, ஊர்க் கடைக்கான கணக்கு மென்பொருளுக்கு, அமெரிக்காவில் நடப்பது போன்ற தொல்லை வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. பிரச்சினை எல்லையைக் கடக்கும்போதுதான் தொடங்குகிறது. பிளே ஸ்டோரிலோ அப் ஸ்டோரிலோ ஒரு செயலியைப் போடும்போது எந்தெந்த நாடுகளில் அது கிடைக்க வேண்டும் என்று ஒரு பட்டியலைக் காட்டுவார்கள். எல்லா நாடுகளையும் தெரிவு செய்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். அந்த ஒரு கிளிக்கில் நீங்கள் அமெரிக்காவில் விற்பவராகிவிடுகிறீர்கள்.

அமெரிக்க நீதிமன்றம் ஒன்றின் தீர்ப்பை வைத்து அக்குறணையில் வந்து வீட்டை எழுதி வாங்கிவிடுவார்கள் என்று நான் பயமுறுத்தவில்லை. அது அவ்வளவு இலகுவல்ல. அதைவிட இலகுவான வழி, செயலியை விற்கும் தளத்துக்கு முறைப்பாடு செய்வது. இரண்டு பெரிய தளங்களிலும் புலமைச் சொத்து முறைப்பாட்டுக்கு வழி இருக்கிறது. செயலி நீக்கப்பட்டால் வருமானம் அன்றோடு நின்றுவிடும்.

சுயாதீனமாக வெளிநாட்டவருக்கு வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான ஆபத்து ஒப்பந்தப் பத்திரத்துக்குள் இருக்கிறது. நானும் சில மாணவர்கள் கொண்டுவந்து காட்டிய பத்திரங்களை வாசித்துப் பார்த்திருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் எங்கோ ஒரு வாசகம் இருக்கும். செய்து தரப்படும் மென்பொருள் எவருடைய ஆக்கவுரிமையையும் மீறவில்லை என்று உருவாக்குநர் உறுதியளிக்கிறார், மூன்றாம் தரப்பு எவரும் உரிமை கோரினால் ஏற்படும் வழக்குச் செலவு, நட்டஈடு அனைத்தையும் உருவாக்குநரே ஏற்பார் என்று. 400 டொலர் வேலைக்கு எல்லையற்ற பொறுப்பு! எந்த ஆக்கவுரிமையையும் மீறவில்லை என்று உலகில் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மைக்ரோசொப்டாலும் முடியவில்லை என்பதை மேலே பார்த்தோம். இப்படிப்பட்ட வாசகத்தைக் கண்டால் இரண்டு மாற்றங்களைக் கேளுங்கள். 'எனக்குத் தெரிந்தவரை மீறவில்லை' என்று மாற்றச் சொல்வது ஒன்று. எனது பொறுப்பு எனக்குக் கிடைத்த கட்டணத் தொகையைத் தாண்டாது என்று ஒரு வரி சேர்ப்பது மற்றது. இவை புதுமையான கோரிக்கைகள் அல்ல, பெரிய கம்பனிகளும் கேட்பவைதான். மறுத்தால், அந்த வேலை வேண்டுமா என்று வீட்டில் பெரியவர்களோடும் இருந்து யோசிக்கலாம்.

இன்னுமொரு விடயம், இலவச நூலகங்களைத் தெரிவு செய்வது. எம்ஐடி உரிமத்தில் வரும் மென்பொருளில் ஆக்கவுரிமை பற்றி வெளிப்படையாக ஒரு சொல்லும் இல்லை. அப்பாச்சி 2.0, ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு ஆகிய உரிமங்களில், அந்த மென்பொருளுக்குப் பங்களித்தவர்கள் தமது ஆக்கவுரிமைகளைக் காட்டி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்ற உறுதி எழுத்திலேயே இருக்கிறது. வெளியாட்களிடமிருந்து அது காப்பாற்றாது. ஆனால் ஒரு பக்கக் கதவாவது பூட்டப்படுகிறது. ஜிபிஎல் உரிமத்துக்கு வேறு நிபந்தனைகளும் உண்டு என்பதால், வாடிக்கையாளரிடம் கேட்டுவிட்டே அதைச் சேர்க்க வேண்டும்.

அப்படியானால் ஆக்கவுரிமைகளைத் தேடி வாசித்துவிட்டு வேலையைத் தொடங்கலாமே என்று சிலர் கேட்பார்கள். இங்கேதான் அமெரிக்கச் சட்டத்தின் இன்னொரு விநோதம். தெரிந்துகொண்டே மீறியதாக நிரூபிக்கப்பட்டால் நட்டஈட்டை மூன்று மடங்கு வரை உயர்த்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இதனால் அங்குள்ள கம்பனிகள் பல, ஆக்கவுரிமைப் பத்திரங்களைப் பக்கம்கூடப் புரட்ட வேண்டாம் என்று தமது பொறியியலாளர்களுக்குச் சொல்லி வைத்திருக்கின்றன. கண்டுபிடிப்பை ஊருக்கு வெளிப்படுத்துவதற்கான கைம்மாறாகத்தான் இந்த உரிமையே வழங்கப்படுகிறது. அதை வாசிக்க வேண்டியவர்களே வாசிக்கப் பயப்படுகிறார்கள்.

ஒருவேளை அப்படி ஒரு கடிதம் வந்தேவிட்டால்? பதறிப் பதில் எழுத வேண்டாம். 'மன்னியுங்கள், தெரியாமல் செய்துவிட்டேன்' என்று பணிவாக ஒரு மின்னஞ்சல் போடுவது எமது பிள்ளைகளின் இயல்பு. அது ஒப்புதல் வாக்குமூலமாக மாறக்கூடும். கிழித்துப் போட்டுவிட்டு இருப்பதும் சரியல்ல, கடிதம் கிடைத்ததிலிருந்து உங்களுக்குத் 'தெரியும்' என்றாகிவிடுகிறது. திகதியோடு அதைப் பத்திரப்படுத்துங்கள். எந்த இலக்க ஆக்கவுரிமை, எந்த நாடு, காலம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். கூகுளின் ஆக்கவுரிமைத் தேடல் பக்கத்தில் இலக்கத்தைக் கொடுத்தால் இவை இலவசமாகவே கிடைக்கும். கைப்பேசியில் நாம் பகிரும் அசையும் ஜிஃப் படங்களுக்குப் பின்னாலிருந்த எல்இசட்டபிள்யூ சுருக்கும் முறைக்கு யுனிசிஸ் கம்பனி 1994இன் இறுதியில் கட்டணம் கேட்கத் தொடங்கியபோது உலகமே கொதித்தது, அந்தக் கோபத்தில்தான் பிஎன்ஜி என்ற படவகையே பிறந்தது. 2003 ஜூன் 20இல் அமெரிக்க ஆக்கவுரிமை காலாவதியானது. இன்று அதற்காக எவரும் எவரிடமும் காசு கேட்க முடியாது. காலம் கடந்த உரிமை வெறும் காகிதம்.

குறித்த வசதி அப்பிளோ கூகுளோ தந்ததாக இருந்தால், அவர்களுக்கு உடனே அறிவியுங்கள். அதே கடிதம் வேறு யாருக்கும் வந்திருக்கிறதா என்று தேடுங்கள், பெரும்பாலும் வந்திருக்கும். செய்நிரலை எப்போது எழுதினீர்கள் என்பதற்கான பதிவுகளைக் கிட் போன்ற முறையில் ஆரம்பத்திலிருந்தே திகதியோடு வைத்திருப்பது, பின்னர் சட்டத்தரணிக்குப் பெரிதும் உதவும். சட்டத்தரணியைத் தெரிவு செய்யும்போது, ஊரில் காணி வழக்குப் பேசும் எமது மரியாதைக்குரிய சட்டத்தரணியிடம் போனால் அவரும் இன்னொருவரிடம்தான் அனுப்புவார். புலமைச் சொத்துத் துறையில் பழக்கமுள்ளவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். தொழில் ஓரளவு வளர்ந்ததும் தனிப்பட்ட பெயரில் இல்லாமல் ஒரு வரையறுக்கப்பட்ட தனியார் கம்பனியாகப் பதிந்துகொண்டால், வழக்கு என்று வரும்போது வாப்பா கட்டிய வீடும் உம்மாவின் நகையும் பொதுவாகக் கணக்குக்குள் வராது.

பாடசாலைகளில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் எமக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. புலமைச் சொத்து என்ற பாடப்பகுதி வரும்போது, திருட்டு சீடி வாங்கக்கூடாது என்ற ஒரு வரியோடு பலர் முடித்துவிடுகிறோம். பதிப்புரிமைக்கும் ஆக்கவுரிமைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிக் கொடுக்க ஒரு பாடவேளை போதும். ஒப்பந்தப் பத்திரம் ஒன்றின் ஒன்பதாம் பக்கத்தை வாசிக்கப் பழக்க இன்னொன்று.